வெள்ளிக்கிழமை உப்பு

பள்ளி தொடங்கும் முதல் வாரத்தில் எங்களுக்குப் பாடம் நடத்துவதைவிட பாரம் நிரப்பும் வேலைதான் அதிகம். மாணவர் பெயர், பிறப்புப் பத்திர எண், தகப்பனார் தொழில், தாயார் தொழில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமியிடம், "அம்மா என்ன வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டேன். அவள் சற்றும் யோசிக்காமல், "எங்கம்மா சும்மாதான் டீச்சர் இருக்காங்க" என்றாள்.

அவளை ஏற இறங்கப் பார்த்தேன். இரட்டைப் பின்னல், அதில் கசங்காத நாடா, மடிப்புக் கலையாத சீருடை, தோளில் தண்ணீர்ப் புட்டி, பையில் பசியாற இரண்டு இட்டலி. இத்தனையும் காலை ஆறரை மணிக்குள் "சும்மா இருக்கிற" அந்த அம்மாள் செய்து அனுப்பியதுதான். ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. பாரத்தில் வழக்கம்போல் மலாய் மொழியில் "சூரி ரூமா" என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

அந்த இரண்டு சொற்களை எழுதும்போதெல்லாம் எனக்கு அப்பாயி நினைவு வந்துவிடும். என் அப்பாவைப் பெற்றவர். அவருக்காக எத்தனையோ பாரங்களில் நானே அப்படி எழுதியிருக்கிறேன். எழுதியபின் கீழே அவருடைய பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியதும் நான்தான். எழுத்து வாசனை அறியாதவர். அவரைப் பற்றி ஒரு முறையாவது பாரத்துக்கு வெளியே எழுத வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அப்பாயி பிறந்தது திருச்சி மாவட்டம் முசிறிப் பக்கம், காவிரிக் கரையில் ஒரு கிராமம். அடையாளக் கார்டில் 1929 என்று இருக்கும். அது யாரோ ஒரு கிராணி முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. தாய்மாமன் கங்காணியாக இருந்தாராம். அவர் பேச்சை நம்பி 1937இல் அப்பனும் ஆத்தாளும் எட்டு வயதுப் பெண்ணோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். மறு ஆண்டே, 1938இல், இப்படித் தொழிலாளர்களை உதவிப் பணம் கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. "ஒரு வருசம் தாமதிச்சிருந்தா நான் காவேரித் தண்ணி குடிச்சிக்கிட்டு அங்கேயே கெடந்திருப்பேன்" என்பார். வருத்தமா சந்தோஷமா என்று குரலில் கண்டுபிடிக்க முடியாது.

பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க்காகத் தடுத்து வைத்தது, மருந்து வாடை வீசும் தண்ணீரில் எல்லோரையும் குளிக்க வைத்தது, இதெல்லாம் அவருக்கு நேற்று நடந்தது போல. அங்கிருந்து சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். (அந்த ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. அப்பாயி கடைசிவரை பழைய பெயரைத்தான் சொன்னார்.)

ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பனை 1943இல் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். லாரியில் ஏறியவர் திரும்பவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆளில்லை. பல்லாயிரம் குடும்பங்களின் கதை இது. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்திருக்கலாம். அப்பாயியின் தாயார் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே இருபது ஆண்டு வாழ்ந்து, தாலியோடு போய்ச் சேர்ந்தார். மரவள்ளிக் கிழங்கும் சாக்குத் துணியும் வாழைமர நோட்டுமாகக் கழிந்த அந்த மூன்றரை வருஷத்தைப் பற்றி அப்பாயி அதிகம் பேசமாட்டார். கிழங்கை மட்டும் ஆயுசுக்கும் தொடவில்லை.

1946இல் அதே தோட்டத்தில் பால் வெட்டும் என் தாத்தாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பாயியும் பால்மரம் வெட்டியவர்தான். நிரையில் ஆண்களுக்கு முன்னால் முடித்துவிட்டு வந்து நிற்பாராம். 1953இல் பால் உறையாமல் இருக்கக் கலக்கும் அமோனியா தெறித்து இடது கண் போய்விட்டது. டிரசர் மருந்து விட்டார், கண் திரும்பவில்லை. ஒற்றைக் கண்ணோடு விடியற்கால இருட்டில் மரம் வெட்ட முடியாது என்று செக்ரோலிலிருந்து பெயரை வெட்டிவிட்டார்கள். இருபத்து நாலு வயதில் இப்படித்தான் அவர் "வீட்டில் சும்மா இருப்பவர்" ஆனார்.

அந்தச் சும்மாவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தது அவருடைய ஐம்பது அறுபது வயதில். இளமையில் எப்படி இருந்திருக்குமோ! காலை நாலு மணிக்குப் பால்மர விறகு வைத்து அடுப்பு மூட்டுவார். பெரட்டுக்குப் போகிறவர்களுக்குத் தூக்குச்சட்டியில் சோறு, போத்தலில் வரக்கோப்பி. பிறகு மாட்டுத் தொழுவம். சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, பால் கறந்து, கிராணி வீட்டுக்கும் டிரசர் வீட்டுக்கும் ஊற்றிவிட்டு வருவார். பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்துத் தோம்பு நிரப்புவார். பிள்ளைகளைக் கிளப்புவார். லயத்துக்குப் பின்னால் கத்தரி, வெண்டை, பயற்றங்கொடி. பத்து மணிக்குமேல் காலை நீட்டி உட்கார்ந்து அரிசி பொறுக்குவார். அதுதான் அவருக்கு ஓய்வு. எங்கள் லயத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும், ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினாலும், மறுபேச்சில்லாமல் எழுந்து போவார்.

பால் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பார். அரைப் போத்தலுக்கு நின்ற கோடு, முழுப் போத்தலுக்குக் குறுக்குக் கோடு. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது சுவர் சுத்தமாகிவிடும். கணக்கு மட்டும் அவர் தலைக்குள் அப்படியே இருக்கும். நான் பயிற்சிக் கல்லூரியில் கணிதம் போதிக்கும் முறைகள் எவ்வளவோ படித்தேன். கூட்டலும் பெருக்கலும் எனக்கு ஏறியது அந்தச் சுவரில்தான்.

1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள் அல்லவா? தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்கும் காலம். தொழிலாளரே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று கேள்விப்பட்டதும், பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டச் சொல்லி தாத்தாவை விரட்டியவர் அப்பாயி. பங்கு தாத்தா பெயரில். பணம் மாட்டுப் பால் பணம். "பேரு யாருதா இருந்தா என்ன, மண்ணு நம்மளுதா இருக்கணும்" என்பாராம்.

பக்தி என்றால் அவருக்கு மாரியம்மன்தான், அதுவும் எங்கள் தோட்டத்து மாரியம்மன். சாமியோடு அவர் பேசுவதைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடுகிறார் என்று நினைப்பீர்கள். "ஏன் ஆத்தா, உனக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, இதைப் பாக்கலையா?" என்று சன்னதியில் நின்று கேட்பார். சாமி வந்து ஆடியவர் இல்லை. ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பவர். ஆடியில் கூழ் காய்ச்சுவதும், திருவிழா முடிந்த மறுநாள் யாரும் வராத கோயிலைத் தனியாகக் கூட்டிக் கழுவுவதும் அவர் பொறுப்பு. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் தவறாது. சொந்த மாட்டுப் பால்தான். எண்பதுகளில் தோட்டத்தில் மாடு வளர்க்கக்கூடாது என்று உத்தரவு வந்தபின், கடைப் பாலை ஊற்றும்போது, "அய்யா, இந்த வருசம் கடைச் சரக்குதான், பொறுத்துக்க" என்று முருகனிடம் உரக்க மன்னிப்புக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. 2006இல் அந்தப் பெரிய முருகன் சிலையைத் திறந்த தைப்பூசத்தின்போது அவருக்கு எழுபத்தேழு வயது. நூற்று நாற்பது அடிச் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் நிக்கிறான். படி மட்டும் இன்னும் இருநூத்தி எழுபத்தி ரெண்டுதானா?" என்றார். ஏறினார்.

இத்தனையும் சொன்னேன், முக்கியமானதைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அப்பாயி உப்பு சேர்க்கமாட்டார்.

விரதம் இருப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் நாங்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் உப்புப் போட்டுத்தான் சமைப்பார். ஆனால் ருசி பார்க்கமாட்டார். அதனால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக் குழம்பு ஒன்று சப்பென்று இருக்கும், அல்லது வாயில் வைக்க முடியாது. அம்மா எவ்வளவோ முறை, "நான் பார்த்துச் சொல்றேன் அத்தை" என்று கெஞ்சியிருக்கிறார். "என் கை அளவு எனக்குத் தெரியும்" என்பார். தெரியாது என்பதுதான் உண்மை. அப்பா மட்டும் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. எப்படி இருந்தாலும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

2002இல் எனக்கு ஆசிரியர் வேலைக்கு நியமனக் கடிதம் வந்தது. எங்கள் லயத்திலேயே முதல் ஆசிரியை நான். அன்று வெள்ளிக்கிழமை. அத்தை பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதவர், அப்படியே அப்பாயி பக்கம் திரும்பி, "அம்மா, இன்னைக்காவது சோத்துல உப்புப் போட்டுக்க. அதான் புத்தகம் வீட்டுக்குத் திரும்பி வந்துடுச்சே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தைதான் அன்று மாலை அஞ்சடியில் உட்கார்ந்து சொன்னார்.

அப்பா தமிழ்ப் பள்ளியில் கெட்டிக்கார மாணவர். அந்தக் காலத்தில் ஆறாம் வகுப்பு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போக நுழைவுத் தேர்வு உண்டு. தோட்டப் பிள்ளைகள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுவார்கள். அந்த ஆண்டு எங்கள் தோட்டத்திலிருந்து தேறியவர் அப்பா ஒருவர்தான். புகுமுக வகுப்பு ஒரு வருஷம், பிறகு படிவம் ஒன்று, படிவம் இரண்டு. பழைய சைக்கிளில் தினமும் டவுனுக்குப் போய் வருவார். சைக்கிள் வாங்கியது பால் பணத்தில் என்று சொல்லவும் வேண்டுமா?

1964இல் தாத்தா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். கருமாதி முடிந்த மூன்றாம் நாள் மண்டோர் வந்து நின்றார். செக்ரோலில் பெயர் இல்லாத குடும்பத்துக்கு வீடு கிடையாது, மாதக் கடைசிக்குள் ஒரு பெயர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். மண்டோர் நல்ல மனிதர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம். அப்பாயி, "என் பேரைப் போடுங்க. நான் வெட்றேன்" என்றார். ஒற்றைக் கண்ணை எப்படி எடுத்துக்கொள்வார்கள்? மூத்தவர் அத்தை, கல்யாணமாகிப் போய்விட்டார். அடுத்தவர் அப்பா, பதினைந்து வயது. அவருக்குக் கீழே மூன்று பேர்.

அன்றிரவு அப்பாயி அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "நீதாம்ப்பா போவணும்" என்றார். அவ்வளவுதான். அப்பா மறுக்கவில்லை, அழவில்லை. விடிந்ததும் தாத்தாவின் கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டார். அப்பாயி பாடப்புத்தகங்களை ஒரு சேலையில் கட்டிப் பரண்மேல் வைத்தார். சில வருஷம் கழித்து இறக்கிப் பார்த்தபோது கறையான் தின்றிருந்ததாம். 1965இலிருந்து நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப் பள்ளிக்குப் போகலாம் என்றாகிவிட்டது. சித்தப்பாமார் இருவரும் அப்படிப் போனவர்கள்தான், அப்பாவின் சம்பளத்தில்.

புத்தகத்தைக் கட்டி வைத்த அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அப்பாயி உப்பைத் தொடவில்லை.

நான் உள்ளே போய் அப்பாயியிடம், "அதான் நான் படிச்சிட்டேனே அப்பாயி, வேண்டுதலை முடிச்சிடலாமே" என்றேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "நீ படிச்சது உன் புத்தகம் கண்ணு. நான் புடுங்குனது அவன் புத்தகம். உங்கத்தைக்கு என்ன தெரியும்? அவன் வாயால போதும்மான்னு சொல்லணும். அதுதான் நான் ஆத்தாகிட்ட சொன்னது" என்றார். அப்பாவிடம் இதைச் சொன்னதுண்டா என்று கேட்டேன். "சொல்லிட்டா கேட்டு வாங்குன மாதிரி ஆயிடாதா?" என்றார்.

இளமை வேகம், நான் நேராக அப்பாவிடம் போனேன். அவர் கொல்லையில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டி, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். "அவங்க வேண்டுதல், அவங்க பாடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மறு திங்கட்கிழமை அதே ஹோண்டாவில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் சென்றவரும் அவர்தான். கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டார். உள்ளே வந்து தலைமையாசிரியரைப் பார்க்கும்படி எவ்வளவோ அழைத்தேன். வரவில்லை. யோசித்துப் பார்த்தால், என் பள்ளிப் பருவம் முழுவதும் ஒரு பரிசளிப்பு விழாவுக்குக்கூட அவர் வந்ததில்லை. வேலைக் களைப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இருவர் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. அம்மாவிடம் புலம்பினால், "அவங்க ரெண்டு பேரும் அப்படித்தான், நீ நடுவுல போகாதே" என்பார். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு நாற்பது ஆண்டு ஒரு சொல்லைச் சொல்லாமல் இருக்க முடியுமா? முடியும் போலிருக்கிறது. அப்பா அம்மாவுக்கு ஒரு குறை வைத்ததில்லை. சம்பளத்தைக் கவரோடு அவர் கையில்தான் கொடுப்பார். சொல் மட்டும் வரவில்லை.

2004இல் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். நாற்பது ஆண்டு வேலை செய்த அப்பாவுக்கு ஆட்குறைப்புக் கடிதம் வந்தது. நாங்கள் டவுனில் மூன்றாம் மாடி அடுக்குவீட்டுக்கு மாறினோம். அம்மன் சிலையை வேறிடத்துக்குக் கொண்டுபோகும்வரை லயத்தை விட்டு வரமாட்டேன் என்று அப்பாயி பிடிவாதம் பிடித்தார். பக்கத்து வீடுகளை இடித்துக்கொண்டிருக்கும்போது இவர் வீட்டில் மட்டும் விளக்கு எரியும். பதினோரு நாள் அப்பா அவரோடு அங்கேயே தங்கினார். அந்தப் பதினோரு நாளில் இருவரும் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது.

அடுக்குவீட்டு வாழ்க்கை அவருக்கு ஒட்டவில்லை. மண் இல்லை, மாடு இல்லை, பேச ஆளில்லை. ஜன்னலோரம் மூன்று பெயிண்ட் தகரத்தில் மண் நிரப்பித் துளசியும் மிளகாயும் வைத்தார். சிவப்பு அடையாளக் கார்டுதான் அவருக்குக் கடைசிவரை. எட்டு வயதில் வந்தவர், எண்பது ஆண்டுக்கு மேல் இந்த மண்ணில் இருந்தவர், ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. ஓட்டு நாளில் நாங்கள் கிளம்பும்போது நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்று வழியனுப்புவார். அதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும்.

இரத்தக் கொதிப்புக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. "நான் 1964லேயே ஆரம்பிச்சிட்டேன்னு சொல்லு" என்றார். டாக்டருக்கு மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

2019இல் குளியலறையில் வழுக்கி விழுந்தவர் பிறகு எழவில்லை. மூன்று மாதம் படுக்கை. அம்மாவும் நானும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். கடைசி நாட்களில் கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கியது. கிழமை, தேதி எல்லாம் அவருக்குக் குழம்பிவிட்டிருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக் கஞ்சியில் நாங்கள் உப்புப் போடவில்லை. அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, எங்களுக்குத் தெரியுமே.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளி விட்டு வந்தபோது அடுப்படியில் அப்பா நின்றிருந்தார். எழுபது வயதில் முதன்முறையாக அவர் அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்தேன். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினார். உப்பு டப்பாவைத் திறந்தார். நான் வாய் திறப்பதற்குள் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். பிறகு இன்னொன்று. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்து, அப்பாயியின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அம்மா, போதும்மா. வாயைத் தொறங்க" என்றார்.

முதல் கரண்டி உள்ளே போனது. அப்பாயியின் நாக்கு கொஞ்ச நேரம் அதைத் துழாவியது. பார்வை இருந்த அந்த ஒற்றைக் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தார்.

"உப்பு கூடப் போச்சுடா" என்றார்.

மீதிக் கஞ்சியையும் குடித்துவிட்டுத்தான் தூங்கினார்.